நுண்ணுயிரியல்: படித்தது ஏன் நிற்பதில்லை?

கேள்வி: மேடம், நான் பி.எஸ்சி. மைக்ரோபயாலஜி மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். பிளஸ் டூ வரை தமிழ் வழி. அடுத்து எம்.எஸ்சி. சேர்ந்து, பிறகு ஆராய்ச்சி உதவித்தொகைக்கும் கல்லூரி ஆசிரியர் பணிக்கும் தகுதி தரும் நெட் தேர்வு எழுத ஆசை. இம்விக் போன்ற டெஸ்டுகளின் முடிவுகளை ஒவ்வொரு பாக்டீரியாவுக்கும் மனப்பாடம் செய்கிறேன். செமஸ்டர் முடிந்ததும் எல்லாம் மறந்துவிடுகிறது. பிராக்டிகலில் பெயர் சொல்லாத பாக்டீரியா வளர்ப்பை, அதாவது 'அன்நோன்' கல்ச்சரைக் கையில் கொடுத்தால் எங்கே தொடங்குவது என்றே தெரியவில்லை. எப்படிப் படிப்பது?
- நாமக்கல் மாவட்டத்திலிருந்து ஒரு மாணவி

பதில்: இம்விக்கிலிருந்தே தொடங்கலாம். பாக்டீரியாவை அடையாளம் காண வரிசையாகச் செய்யும் இண்டோல், மெத்தில் ரெட், வோஜஸ்-ப்ராஸ்காயர், சிட்ரேட் என்ற நான்கு டெஸ்டுகள்தான் அது. ஈ.கோலை என்றால் பிளஸ், பிளஸ், மைனஸ், மைனஸ். கிளெப்சியெல்லா ஏரோஜீன்ஸ் என்றால் அதற்கு நேர் தலைகீழ். (பல ரெக்கார்டு நோட்டுகளில் அது இன்னும் என்டரோபாக்டர் என்ற பழைய பெயரிலேயே இருக்கிறது.) இதை வாய்ப்பாடு மாதிரி ஒப்பித்தால் மறக்கத்தான் செய்யும். வெறும் நான்கு குறிகளில் மனம் எதைப் பிடித்துக்கொள்ளும்?

குறிக்குப் பின்னால் இருப்பதைப் பாருங்கள். டிரிப்டோபனேஸ் என்ற என்சைம் உள்ள பாக்டீரியா, ஊடகத்தில் இருக்கும் டிரிப்டோபான் என்ற அமினோ அமிலத்தை உடைத்து இண்டோலை வெளியே விடுகிறது. கோவாக்ஸ் ரீஏஜென்ட் சேர்த்ததும் மேலே செர்ரிச் சிவப்பில் வளையம் கட்டும். அடுத்து வரும் மெத்தில் ரெட், வோஜஸ்-ப்ராஸ்காயர் இரண்டையும் தனித்தனியாகப் படிக்கவே வேண்டாம். குளுக்கோஸை உடைத்துக் கிடைக்கும் பைருவேட்டை இந்தப் பாக்டீரியா என்ன செய்கிறது என்ற ஒரே கேள்விதான் இரண்டிலும் இருக்கிறது. ஈ.கோலை அதை லாக்டிக், அசெட்டிக், ஃபார்மிக் என்று அமிலங்களாகக் குவிக்கிறது. பி.எச். 4.4-க்கும் கீழே இறங்குவதால் மெத்தில் ரெட் சிவப்பாகவே நிற்கிறது. கிளெப்சியெல்லாவோ பெரும்பகுதியை அசிட்டோயின், பியூட்டேன்டையால் என்ற அமிலமல்லாத பொருள்களின் பக்கம் திருப்பிவிடுகிறது. வோஜஸ்-ப்ராஸ்காயர் காட்டிக்கொடுப்பது அந்த அசிட்டோயினைத்தான். ஒன்று பிளஸ் ஆனால் மற்றது பெரும்பாலும் மைனஸ் ஆவது இதனால்தான்.

கடைசி மைனஸ்தான் எனக்கு மிகவும் பிடித்தது. சிம்மன்ஸ் சிட்ரேட் அகாரில் ஈ.கோலை வளராது, நிறம் பச்சையாகவே இருக்கும். சிட்ரேட்டைச் செரிக்க அதற்குத் தெரியாதா? நன்றாகவே தெரியும். சிட்ரிக் அமிலச் சுழற்சி அதற்குள்ளேயே ஓடிக்கொண்டிருக்கிறது. ஆக்சிஜன் இருக்கும்போது வெளியில் கிடக்கும் சிட்ரேட்டை உள்ளே இழுக்கும் டிரான்ஸ்போர்ட்டரை அது தயாரிப்பதில்லை, அவ்வளவுதான். மரபணு இருக்கிறது, ஆனால் அணைந்து கிடக்கிறது.

1988-இல் அமெரிக்க விஞ்ஞானி ரிச்சர்ட் லென்ஸ்கி 12 குடுவைகளில் ஈ.கோலையை வளர்க்கத் தொடங்கினார். தினமும் நூற்றில் ஒரு பங்கை எடுத்துப் புதிய ஊடகத்துக்கு மாற்ற வேண்டும், அதுதான் வேலை. அந்த ஊடகத்தில் குளுக்கோஸ் கொஞ்சம், சிட்ரேட் நிறைய. ஏறத்தாழ 33,000 தலைமுறைகள் ஆன பிறகு, ஒரே ஒரு குடுவை மட்டும் வழக்கத்தைவிடக் கலங்கலாக நின்றது. வெளியிலிருந்து வேறு ஏதோ கிருமி புகுந்துவிட்டது என்றுதான் முதலில் சந்தேகப்பட்டார்கள். சோதித்தால், அவர்கள் வளர்த்த அதே ஈ.கோலை, சிட்ரேட்டைத் தின்று பெருகியிருக்கிறது! டிரான்ஸ்போர்ட்டர் மரபணு இரட்டிப்பாகி, அதில் ஒரு பிரதி ஆக்சிஜனிலும் வேலை செய்யும் வேறொரு புரமோட்டரை (மரபணுவை இயக்கும் சுவிட்ச் போன்ற பகுதி) ஒட்டிப் போய் அமர்ந்திருந்தது பின்னால் தெரியவந்தது.

உங்கள் ரெக்கார்டு நோட்டில் நீங்கள் போடும் அந்த மைனஸ் குறிக்குள் வளர்சிதை மாற்றம், மரபணுக் கட்டுப்பாடு, பரிணாமம் மூன்றும் இருக்கின்றன. எம்.எஸ்சி.யில் இவை தனித்தனித் தாள்களாக வரும். நீங்கள் அவற்றை ஒரே பாக்டீரியாவின் கதையாகப் படியுங்கள். ஈ.கோலை ஒன்றையே ஆழமாகத் தெரிந்துகொண்டு, மற்றவற்றை 'இது எங்கே மாறுபடுகிறது' என்று பார்த்தால் போதும்.

அடுத்து அன்நோன். என் எம்.எஸ்சி. முதலாண்டில் ஒரு கல்ச்சரைக் கொடுத்தார்கள். கிராம் ஸ்டெயின் செய்தேன். அந்தச் சாயமேற்றலில் ஊதாவாக வந்தால் பாசிட்டிவ், இளஞ்சிவப்பாக வந்தால் நெகட்டிவ். நீளமான குச்சிகள், எல்லாமே இளஞ்சிவப்பு. 'கிராம் நெகட்டிவ்' என்று எழுதிவிட்டு அடுத்த டெஸ்டுக்குப் போய்விட்டேன். இரண்டு நாள் வீண். பிறகு எங்கள் ஆசிரியை அதே ஸ்லைடை மறுபடி பார்க்கச் சொன்னார். பல குச்சிகளின் நடுவே நிறமே ஏறாமல் பளிச்சென்று ஒரு முட்டை வடிவ வெற்றிடம் இருந்தது. அது எண்டோஸ்போர், மோசமான சூழலைத் தாங்க பாக்டீரியா தனக்குள் உருவாக்கும் உறங்கும் வித்து. எண்டோஸ்போர் உள்ள குச்சி என்றால் பேசில்லஸ், கிளாஸ்ட்ரிடியம் வகையறாவைத்தான் முதலில் நினைக்க வேண்டும், அவை கிராம் பாசிட்டிவ். நான் எடுத்தது மூன்று நாள் பழைய கல்ச்சர். வயதான செல்களில் சுவர் சிதைந்து, கிரிஸ்டல் வயலட்-அயோடின் கூட்டு ஆல்கஹாலில் கழுவிக்கொண்டு போய்விட்டது. கண்ணுக்கு எதிரே இருந்த வெற்றிடத்தை நான் பார்க்கவே இல்லை, நிறத்தை மட்டும் பார்த்தேன்.

அதனால் கிராம் ஸ்டெயினுக்கு 18 முதல் 24 மணி நேரக் கல்ச்சரையே எடுங்கள். அன்நோனின் இரு பக்கத்திலும் தெரிந்த ஈ.கோலையையும் (நெகட்டிவ்) ஸ்டாஃபைலோகாக்கஸையும் (பாசிட்டிவ்) ஒரே ஸ்லைடில் ஸ்மியர் போடுங்கள். அவை இரண்டும் சரியான நிறத்தில் வந்தால்தான் நடுவில் இருப்பதை நம்பலாம். இன்னும் சந்தேகமா? 3 சதவீத பொட்டாசியம் ஹைட்ராக்சைடை ஒரு சொட்டு ஸ்லைடில் விட்டு, ஒரு காலனியை அதில் லூப்பால் அரை நிமிடம், ஒரு நிமிடம் கலக்குங்கள். லூப்பை மெல்லத் தூக்கும்போது பாகு கம்பிப் பதத்தில் நூல் இழுப்பது மாதிரி இழுத்தால் பொதுவாகக் கிராம் நெகட்டிவ். காரம் அதன் மெல்லிய சுவரை உடைத்து டி.என்.ஏ.வை வெளியே கொட்டிவிட்டது, நீங்கள் பார்க்கும் நூல் அதுதான். பாசிட்டிவ் என்றால் தண்ணீர் போலவே இருக்கும். முதல் தடவை அந்த நூலைப் பார்க்கும் மாணவர்களின் முகத்தைப் பார்ப்பது எனக்கு இன்றும் சந்தோஷம்.

ஒவ்வொரு டெஸ்டுக்கும் முன்னால் என்ன வரும் என்று நினைக்கிறீர்கள், ஏன் என்று நோட்டில் ஒரு வரி எழுதிவிடுங்கள். கணிப்பு தப்பினால் அடித்துத் திருத்த வேண்டாம். அப்படியே விட்டு, பக்கத்தில் காரணத்தை எழுதுங்கள்.

கணக்கைக் கண்டு பயப்படாதீர்கள். நூறு கணக்கு போட்டால் கை பழகிவிடும். பத்து லட்சம் மடங்கு நீர்த்த கரைசலில் 0.1 மில்லி எடுத்துப் பரப்பினீர்கள், 85 காலனி வந்தது என்றால், மூலக் கல்ச்சரில் ஒரு மில்லிக்கு 85 கோடி. 30-க்குக் கீழேயோ 300-க்கு மேலேயோ வந்த தட்டை ஏன் எண்ணுவதில்லை என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

நெட் விஷயத்துக்கு வருகிறேன். சி.எஸ்.ஐ.ஆர். நெட்டின் லைஃப் சயின்ஸ் தாளில் மொத்தம் 200 மதிப்பெண், அதில் பாதி 'சி' பகுதிக்கு. அங்கே ஒரு சோதனையையும் அதன் முடிவையும் கொடுத்து, இதிலிருந்து என்ன தெரிகிறது என்று கேட்பார்கள். இதற்குப் பழைய சோதனைகளைப் போல நல்ல பயிற்சி வேறில்லை. 1943-இல் லூரியா, டெல்புருக் என்ற இரண்டு விஞ்ஞானிகள் செய்ததை எடுத்துக்கொள்ளுங்கள். வைரஸைத் தாங்கும் பாக்டீரியா, வைரஸைச் சந்தித்த பிறகு உருவாகிறதா, முன்பே தற்செயலாக உருவாகிவிட்டதா? தனித்தனிக் குழாய்களில் வளர்த்து, ஒவ்வொன்றையும் வைரஸ் பூசிய தட்டில் பரப்பினார்கள். சந்தித்த பிறகுதான் உருவாகிறது என்றால் எல்லாத் தட்டிலும் எண்ணிக்கை கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேண்டும். வந்ததோ பல தட்டுகளில் பூஜ்யம், ஓரிரு தட்டுகளில் மட்டும் ஏராளம். சீக்கிரமே மாற்றம் நிகழ்ந்த குழாயில் அதன் வாரிசுகள் பெருகிவிட்டன. (கல்லூரி விருந்து ஒன்றில் சக ஊழியர் ஒருவர் சூதாட்ட எந்திரத்தில் காசு போடுவதைப் பார்த்துத்தான் லூரியாவுக்கு இந்த யோசனை வந்தது.) இப்படி ஒரு சோதனையைப் படிக்கும்போது, முடிவைக் கையால் மறைத்துவிட்டு, அட்டவணையை மட்டும் பார்த்து நீங்களே சொல்லிப் பாருங்கள்.

தமிழ் வழியில் படித்ததைக் குறையாக நினைக்காதீர்கள். புரிந்ததைத் தோழிக்கு முதலில் தமிழில் சொல்லுங்கள், அப்புறம் அதையே ஐந்து வரி ஆங்கிலத்தில் எழுதுங்கள். தமிழில் சொல்லும்போது எங்கே திக்குகிறீர்களோ, அங்கே இன்னும் புரியவில்லை என்று அர்த்தம். பெயர்களுக்கும் பொருள் பாருங்கள். பேசில்லஸ் என்றால் சிறு கோல், ஸ்டாஃபைலோ என்றால் திராட்சைக் கொத்து. மைக்ராஸ்கோப்பில் பார்த்தது பெயரிலேயே இருக்கும்.

இன்னொன்று. இந்தியாவின் மூன்று அறிவியல் அகாடமிகள் சேர்ந்து கோடைகால ஆராய்ச்சி ஃபெல்லோஷிப் தருகின்றன. அடுத்த அறிவிப்பு வந்ததும் விண்ணப்பியுங்கள். 'இந்தத் திட்டத்தில் ஏன் சேர விரும்புகிறீர்கள்' என்ற இடத்தில் மதிப்பெண்ணைப் பற்றி எழுத வேண்டாம். நோட்டில் கணிப்பு தப்பிய ஒரு டெஸ்டையும், அதற்கு நீங்கள் கண்டுபிடித்த காரணத்தையும் எழுதுங்கள்.