கிரெடிட் கார்டின் ஆண்டுக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்யச் சொல்லி வங்கியிடம் எப்படிக் கேட்பது?

கிடைக்கும், ஆனால் வாய் திறந்து கேட்க வேண்டும். செலவுக்கு ஏற்பப் பாயின்ட் தரும் ரிவார்டு கார்டுக்கு 2,500 ரூபாய் ஆண்டுக் கட்டணமும் ஜிஎஸ்டியும் பில்லில் ஏறிவிட்டது, தள்ளுபடிக்குரிய நான்கு லட்சம் செலவை எட்டவில்லை, வங்கியிடம் கேட்கக் கூச்சமாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கூச்சத்திலிருந்தே தொடங்குகிறேன்.

நான் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு மளிகை மொத்த வியாபாரக் கடையில் பதினோரு வருடமாகக் கணக்கு எழுதுகிறேன். மூட்டைக் கணக்கில் புளி எடுக்க வருகிறவர் கிலோவுக்கு ஒரு ரூபாய் குறைக்கச் சொல்லி அரை மணி நேரம் நின்று பேசுவார். முதலாளியும் முகம் சுளிக்காமல் பதில் சொல்வார். விலை பேசாமல் பணத்தை எண்ணிக் கொடுப்பவரைத்தான் எங்கள் லீ பஜார் சந்தையில் புதிதாகப் பார்ப்பார்கள். அதே மனிதர் வீட்டுக்குப் போய், கார்டு பில்லில் 2,950 ரூபாய் ஏறியிருப்பதைப் பார்த்துவிட்டு, மறுபேச்சில்லாமல் கட்டிவிடுகிறார். வங்கி அச்சடித்த தொகை மாறாது என்று நமக்கு ஒரு நினைப்பு. அப்படி இல்லை. இந்தக் கட்டணம் வங்கி தானாக வைத்தது. அதைக் குறைக்கவும் நீக்கவும் வங்கிக்கு அதிகாரம் இருக்கிறது. நாம் கார்டைத் தேய்க்கும் ஒவ்வொரு முறையும் கடைக்காரர் கொடுக்கும் கட்டணத்தில் ஒரு பங்கு கார்டு தந்த வங்கிக்குப் போகிறது. ஆகவே ஒழுங்காகச் செலவு செய்து, ஒழுங்காகப் பில் கட்டும் ஒருவரை 2,500 ரூபாய்க்காக இழக்க வங்கி எளிதில் விரும்பாது. நீங்கள் கேட்பது சலுகைதான், பிச்சை அல்ல.

ஆனால் கேட்பதற்கு முன் கணக்குப் பார்த்தாக வேண்டும். பெரும்பாலானவர்கள் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். போனை எடுத்ததும் "கட்டணத்தை நீக்குங்கள்" என்கிறார்கள். "முடியாது" என்றதும் வைத்துவிடுகிறார்கள். எந்தத் தொகைக்கு மேல் இந்தக் கார்டு நமக்கு நஷ்டம் என்பது தெரியாமல் பேசினால் பேச்சு அதற்கு மேல் நகராது.

என் கணக்கையே சொல்கிறேன். போன வருடம் எனக்கும் இதே 2,950 ரூபாய்தான் வந்தது. பன்னிரண்டு மாத ஸ்டேட்மென்ட்டையும் சாப்பாட்டு மேசையில் பரப்பி வைத்து, பென்சிலால் ஒவ்வொரு வரியாகக் குறித்துக்கொண்டு வந்தேன். மொத்தச் செலவு 2,60,000. அதில் பெட்ரோல், வாலட்டில் ஏற்றிய பணம், செயலி வழியாகக் கட்டிய வாடகை ஆகியவற்றுக்குப் பாயின்ட் கிடையாது. அவற்றை அடித்ததும் 1,80,000 நின்றது. 150 ரூபாய்க்கு 4 பாயின்ட் வீதம் 4,800 பாயின்ட். இந்தப் பாயின்ட்டைப் பில்லில் கழித்தால் ஒன்றுக்கு 20 பைசா, அதாவது 960 ரூபாய். விமான டிக்கெட்டுக்குப் பயன்படுத்தினால் 50 பைசா, அதாவது 2,400 ரூபாய். எப்படிக் கூட்டினாலும் 2,950 வரவில்லை. கோவை விமான நிலைய லவுஞ்சில் இரண்டு முறை உட்கார்ந்து சாப்பிட்டேன், உண்மை. கார்டு இல்லாவிட்டால் அதற்காக நான் கையிலிருந்து பணம் எடுத்திருக்க மாட்டேன். அதனால் அதை வரவில் எழுதவில்லை. முழுக் கட்டணம் கட்டினால் நஷ்டம், பாதி, அதாவது 1,475 கட்டினால் லாபம் என்பது அந்த மேசையிலேயே முடிவாகிவிட்டது. 1,475-க்கு மேல் ஒரு ரூபாயும் கொடுப்பதில்லை, கேட்டால் கார்டை மூடிவிடுவது என்று ஸ்டேட்மென்ட்டின் ஓரத்தில் எழுதி வைத்துக்கொண்டுதான் போனை எடுத்தேன்.

கிளைக்குப் போக வேண்டாம். நான் ஐந்து ரோடு பக்கம் உள்ள கிளைக்கு நேரில் போய் முக்கால் மணி நேரம் காத்திருந்து, கார்டின் பின்பக்கம் இருக்கும் எண்ணுக்கு அழைக்கச் சொல்லும் பதிலை வாங்கிக்கொண்டு வந்தேன். கார்டு விஷயத்தைக் கிளையில் இருப்பவர்கள் முடிவு செய்வதில்லை. கட்டணம் ஸ்டேட்மென்ட்டில் ஏறிய பிறகு, பணம் கட்டும் கடைசித் தேதிக்கு முன்பு அழைப்பது நல்லது. ஏறுவதற்கு முன்பே கூப்பிட்டால் "முதலில் வரட்டும், பிறகு பாருங்கள்" என்றுதான் பெரும்பாலும் சொல்கிறார்கள்.

எடுத்தவர் ஓர் இளம்பெண், தமிழிலேயே பேசினார். நான் சொன்னது இதுதான்: "ஆறு வருடமாக இந்தக் கார்டை வைத்திருக்கிறேன். ஒரு மாதம்கூடப் பில் தவறவில்லை. இந்த வருடம் எனக்குக் கிடைத்த பாயின்ட்டின் மதிப்பு கட்டணத்தைவிடக் குறைவு. கட்டணத்தை நீக்கினால் கார்டைத் தொடர்ந்து வைத்துக்கொள்ள விருப்பம். முடியாவிட்டால் மூடுவதற்கு என்ன செய்ய வேண்டும் என்று சொல்லுங்கள்." அவர் முதலில் நான்கு லட்சம் விதியைச் சொன்னார். மறுக்கவில்லை, "விதி தெரியும், அதற்கு வெளியே எனக்கென்று ஏதாவது சலுகை உங்கள் திரையில் காட்டுகிறதா பாருங்கள்" என்றேன். "ஒரு நிமிடம் லைனில் இருங்கள் மேடம்." நான்கு நிமிடம் இசை ஓடியது. திரும்பி வந்து, 90 நாளில் 75,000 ரூபாய் செலவு செய்தால் முழுக் கட்டணமும் திரும்ப வரும் என்றார்.

இந்த இடத்தில் உடனே சரி சொல்லிவிடாதீர்கள். எந்தச் செலவு அந்தக் கணக்கில் சேரும் என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். எனக்கு ஜூன் மாதம் மகளின் பள்ளிக் கட்டணம் 48,000 கட்ட வேண்டியிருந்தது. "அது சேருமா?" என்றேன். "பள்ளி அலுவலகத்தில் உள்ள மெஷினில் தேய்த்தால் சேரும், பணம் கட்டும் செயலி வழியாகக் கட்டினால் சேராது" என்றார். இதைக் கேட்காமல் விட்டிருந்தால் வழக்கம்போல் செயலியில் கட்டியிருப்பேன், 75,000 எட்டியிருக்காது, சலுகையும் போயிருக்கும். மீதிக்கு வண்டி இன்சூரன்ஸும் இரண்டு மாத மளிகையும் போதுமாக இருந்தன. புதிதாக ஒரு பொருளும் வாங்கவில்லை. பேசி முடித்ததும், சொன்னதை எஸ்எம்எஸ்ஸாகவோ மின்னஞ்சலாகவோ அனுப்பச் சொல்லுங்கள்; கோரிக்கை எண்ணையும் தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள். எனக்கு 2,500 திரும்ப வந்தபோது 450 ரூபாய் ஜிஎஸ்டி வரவில்லை. அந்த எண்ணைச் சொல்லி மறுபடி அழைத்த பிறகு அடுத்த பில்லில் அதுவும் வந்தது. கட்டணம் என்று பேசும்போதே "வரியோடு சேர்த்துத்தானே?" என்று கேட்டுவிட்டால் இந்த இரண்டாவது அழைப்பு மிச்சம்.

முதல் முறை ஒன்றும் கிடைக்காவிட்டால் நன்றி சொல்லி வைத்துவிட்டு, இரண்டு நாள் கழித்து வேறொருவரிடம் கேளுங்கள். கோபமாகப் பேசுவதால் ஒரு காசும் குறையாது. அங்கே உட்கார்ந்திருப்பவர் மாதச் சம்பளத்துக்கு வேலை பார்க்கும் நம் வீட்டுப் பிள்ளை போன்றவர். திரையில் காட்டும் சலுகையைத்தான் அவர் தர முடியும். பாதி தள்ளுபடி, கட்டணத்துக்கு ஈடாகப் பாயின்ட், கட்டணம் இல்லாத கீழ்நிலைக் கார்டுக்கு மாற்றம் என்று எது வந்தாலும் உங்கள் பென்சில் கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பாயின்ட் தருகிறேன் என்றால் எண்ணிக்கையைப் பார்த்து மயங்க வேண்டாம். 5,000 பாயின்ட் என்பது 20 பைசா வீதம் வெறும் 1,000 ரூபாய்.

அடுத்த வருடம் இலக்கை எட்டிவிடலாம் என்று இப்போதிருந்தே செலவைக் கூட்டாதீர்கள். 2,950 ரூபாயை மிச்சப்படுத்த 30,000 ரூபாய்க்குத் தேவையில்லாத டிவி வாங்கிய ஒருவரை எனக்குத் தெரியும். எப்படியும் செய்யப்போகிற செலவைக் கார்டுக்கு மாற்றுவது மட்டுமே சரி. கொலுசு வாங்கும்போது கடையில் கார்டுக்கு இரண்டு சதவீதம் சேர்த்துக் கேட்டால், 50,000 ரூபாய்க்கு 1,000 ரூபாய் அங்கேயே போய்விடும்; அங்கே கார்டை நீட்டாதீர்கள். உங்களுடையது ரூபே கார்டாக இருந்தால் யுபிஐயில் இணைத்துக்கொள்ளலாம். 2022-லிருந்து இதற்கு அனுமதி உண்டு. ஸ்வைப் மெஷின் இல்லாத காய்கறிக் கடையிலும் வணிகருக்கான கியூஆர் குறியீடு இருந்தால் அதில் செலுத்தலாம். தனிநபருக்கு அனுப்ப முடியாது.

எது நடந்தாலும் செய்யக் கூடாத ஒன்று இருக்கிறது. கட்டணத்தை எதிர்க்கிறேன் என்று பில்லைக் கட்டாமல் விடுவது. இதில் என் அண்ணன் பட்ட பாட்டை நேரில் பார்த்தேன். ஏற்காட்டில் நாகலூர் பக்கம் காபியும் மிளகும் வைத்திருக்கிறார். சேலத்தில் கடைவாசலில் மேசை போட்டு உட்கார்ந்திருந்த விற்பனைப் பையன் "வாழ்நாள் முழுக்க இலவசம்" என்று சொல்லி ஒரு கார்டு கொடுத்தான். அண்ணன் அதை ஒருமுறைகூடப் பயன்படுத்தவில்லை. இரண்டாம் வருடம் 590 ரூபாய் கட்டணம் வந்தது. "பயன்படுத்தாத கார்டுக்கு எதற்குக் கட்ட வேண்டும்?" என்று பீரோவில் போட்டுவிட்டார். தாமதக் கட்டணம், வட்டி, அதற்கு ஜிஎஸ்டி என்று ஆறு மாதத்தில் மூவாயிரத்தைத் தாண்டிவிட்டது. கடைசித் தேதி கடந்து மூன்று நாளுக்கு மேல் போனால் பாக்கி என்று, நம் கடன் வரலாற்றைப் பதிந்து வைக்கும் சிபில் நிறுவனத்துக்குத் தெரிவிக்க வங்கிக்கு இடமுண்டு. அது தெரிவிக்கப்பட்டதே அவருக்குத் தெரியவில்லை. தோட்டத்துக்கு ஜீப் வாங்கக் கடன் கேட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது. இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி வந்து, என் வீட்டுத் திண்ணையில் அந்தக் கடிதக் கட்டை வைத்துவிட்டு, "நான் யாரையும் ஏமாற்றவில்லையே அம்மணி" என்றார். கடன் கேட்டு மறுக்கப்பட்டது அவருக்கு அதுதான் முதல் முறை.

நல்லவேளையாக அந்தப் பையன் "வாழ்நாள் இலவசம்" என்று வாட்ஸ்அப்பில் அனுப்பிய செய்தி அண்ணனின் போனில் இருந்தது. அதை இணைத்து வங்கியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதினோம். மூன்று வாரத்தில் எல்லாத் தொகையும் நீக்கப்பட்டது. சிபில் பதிவைத் திருத்த மேலும் ஒன்றரை மாதம் ஆனது. இலவசம் என்று சொல்லிவிட்டுக் கட்டணம் போட்டது முறையான புகார். வங்கி 30 நாளில் பதில் தராவிட்டாலும், தந்த பதில் சரியில்லாவிட்டாலும் ரிசர்வ் வங்கியின் ஒருங்கிணைந்த குறைதீர்ப்பாளர் திட்டத்தில் முறையிடலாம். கட்டணம் கிடையாது, 14448 எண்ணில் விவரம் சொல்வார்கள். ஆனால் உங்களுடையது அப்படி அல்ல. கட்டணம் உண்டு என்று தெரிந்து வாங்கிய கார்டுக்குத் தள்ளுபடி தராதது புகாராகாது, அதைப் பேசித்தான் வாங்க வேண்டும்.

அதனால் பில்லை முழுதாகக் கட்டிவிட்டுப் பேசுங்கள். தள்ளுபடி கிடைத்தால் அந்தத் தொகை கார்டில் வரவாக வந்துவிடும். 2,950-ஐ மட்டும் பிடித்துக்கொண்டு மீதியைக் கட்டினால், முழுப் பில்லும் கட்டப்படவில்லை என்றாகி, அடுத்து வாங்கும் பொருளுக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். மாதம் மூன்றரை சதவீதம் என்றால் வருடத்துக்கு 42.

மூடுவேன் என்று சொன்னால் மூடத் தயாராக இருந்து சொல்லுங்கள். சிலர் அதைக் கேட்டதும் உடனே கோரிக்கையைப் பதிவு செய்துவிடுவார்கள். மூடுவதற்கு முன் பாயின்ட்டை எல்லாம் எடுத்துவிட வேண்டும்; மூடிய பிறகு அவை போய்விடும். மின்கட்டணம், இன்சூரன்ஸ் என்று தானாகக் கட்டப்படுவதை வேறு கார்டுக்கு மாற்ற வேண்டும். இதுதான் உங்களிடம் உள்ள மிகப் பழைய கார்டு என்றால் மூடுவதைவிடக் கட்டணம் இல்லாத கார்டாக மாற்றிக் கேட்பது சிபில் மதிப்பெண்ணுக்கு நல்லது. பாக்கி இல்லாமல் மூடச் சொல்லியும் வங்கி இழுத்தடித்தால் பயப்பட வேண்டாம். ரிசர்வ் வங்கியின் விதிப்படி ஏழு வேலை நாளுக்குள் மூட வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு 500 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும்.

இன்னொன்று. "ஆண்டுக் கட்டணத்தை ரத்து செய்கிறோம், வந்திருக்கும் ஓடிபியைச் சொல்லுங்கள்" என்று வங்கியின் பெயரில் யாராவது தாங்களாக உங்களைக் கூப்பிட்டால் அது மோசடி. உடனே போனை வைத்துவிடுங்கள். எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற ஓர் ஆசிரியை இப்படித்தான் 38,000 ரூபாயை இழந்தார். கார்டின் பின்னால் உள்ள எண்ணுக்கு நாமாக அழைப்பது மட்டுமே பாதுகாப்பு. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930-க்கு அழையுங்கள்.

உங்கள் கடைசித் தேதி 22 என்று எழுதியிருக்கிறீர்கள். இன்று இரவு பன்னிரண்டு ஸ்டேட்மென்ட்டையும் எடுத்து வைத்துக் கணக்கை முடித்துவிடுங்கள், நாளைக் காலை அழையுங்கள். எந்தச் சலுகை சொன்னார்கள் என்பதை எழுதினால், அதை ஏற்கலாமா இன்னொரு முறை கேட்கலாமா என்று சேர்ந்து பார்க்கலாம்.