கொழும்பில் இருந்துகொண்டே சீட் பரீட்சைக்குத் தயாராகலாமா?

கேள்வி: நான் பொறியியல் முடித்துக் கொழும்பில் வேலை செய்கிறேன். இந்தியாவில் எம்.டெஸ். (வடிவமைப்பில் முதுநிலைப் பட்டம்) படிக்க ஆசை. சீட் நுழைவுப் பரீட்சைக்கு இங்கே வகுப்பு எதுவும் கண்ணில் படவில்லை. எனக்குப் படம் கீறவும் வராது. எங்கிருந்து தொடங்குவது?

நானும் இதே இடத்தில் நின்றவள்தான். மொரட்டுவையில் பொறியியல் படித்தேன். பிறகு ஒரு கட்டட நிறுவனத்தில் இரண்டு வருடம் வேலை. வீடு வெள்ளவத்தையில். சீட் பரீட்சையை இரண்டு தரம் எழுதினேன். முதல் தரம் சரிவரவில்லை. இரண்டாம் தரம் ஓர் ஐ.ஐ.டி.யின் வடிவமைப்புத் துறையில் இடம் கிடைத்தது. படித்து முடித்துத் திரும்பி வந்து இப்போது இங்கேதான் வேலை செய்கிறேன். முதல் தரம் ஏன் பிழைத்தது என்பதைத்தான் விரிவாகச் சொல்லப் போகிறேன், ஏனென்றால் உங்கள் கேள்வியிலும் அதே பிழையின் தொடக்கம் தெரிகிறது. வகுப்பு இல்லை என்பதைப் பெரிய குறையாக எடுக்காதீர்கள்.

முதலில் பரீட்சையைப் பற்றி. சீட் என்பது ஐ.ஐ.டி. பம்பாய் நடத்தும் பொது நுழைவுப் பரீட்சை. பம்பாய், குவாஹாட்டி, டெல்லி, கான்பூர், ஹைதராபாத் ஐ.ஐ.டி.க்கள், பெங்களூர் ஐ.ஐ.எஸ்சி., ஜபல்பூர் ஐ.ஐ.ஐ.டி.டி.எம். போன்ற இடங்கள் அந்தப் புள்ளியைப் பார்த்துத்தான் எம்.டெஸ். படிப்புக்கு ஆட்களைக் கூப்பிடுகின்றன. மொத்தம் மூன்று மணித்தியாலம். ஏ பகுதி ஒரு மணித்தியாலம், முழுக்கக் கணினியில். பி பகுதி இரண்டு மணித்தியாலம். கேள்வி திரையில் வரும், விடையை அவர்கள் தரும் விடைப்புத்தகத்தில் கீறியும் எழுதியும் கொடுக்க வேண்டும். ஏ பகுதியில் வெட்டுப்புள்ளியைத் தாண்டினால்தான் உங்கள் பி பகுதியைத் திருத்துவார்கள். ஆனால் இறுதிப் புள்ளியில் ஏ பகுதிக்கு 25 வீதம், பி பகுதிக்கு 75 வீதம்.

அந்த 25, 75 என்ற கணக்கை நான் முதல் வருடமே வாசித்தேன். வாசித்தும் ஆறு மாதம் முழுக்க ஏ பகுதியைத்தான் படித்தேன். உயர்தரத்திலும் பல்கலைக்கழகத்திலும் வினாத்தாள் செய்து செய்து பழகியவர்களுக்கு அது சுகமான வேலை. விடை சரியா பிழையா என்று உடனே தெரியும், மனதுக்குத் தெம்பாக இருக்கும். பி பகுதிக்கென்று இணையத்தில் ஒரு வகுப்பில் சேர்ந்தேன். அங்கே சந்தை, பஸ் நிலையம், கடற்கரை, விளையாட்டு மைதானம் என்று நாலு காட்சிகளை மனப்பாடமாகக் கீறப் பழக்கினார்கள். எந்தக் கேள்வி வந்தாலும் நாலில் ஒன்றைத் திருப்பிப் போட்டால் சரி என்றார்கள். நம்பினேன்.

சென்னையில் பரீட்சை மண்டபத்தில், ஒரு குறிப்பிட்ட இடத்தில் இருந்து பார்க்கும் காட்சியைக் கீறும் கேள்விக்கு நான் பத்துப் பேரைக் கீறினேன். வெளியே வந்து ஒரு தேத்தண்ணிக் கடையில் நிற்கும்போதுதான் ஒன்று உறைத்தது. அந்தப் பத்துப் பேரில் ஒருவருக்கும் கை இல்லை. சிலருடைய கை பொக்கற்றுக்குள், சிலருடையது முதுகுக்குப் பின்னால், மிச்சம் பைக்குள். கை கீற வராததால் பத்துப் பேரின் கையையும் மறைத்திருக்கிறேன். அந்தக் காட்சியில் ஒருவர்கூட ஒரு வேலையும் செய்யவில்லை. வடிவமைப்புப் படிக்க வந்த ஒருத்தி, மனிதர் பொருட்களை எப்படிப் பிடிக்கிறார்கள் என்பதையே பார்க்காமல் வந்திருக்கிறாள் என்று திருத்துபவர்களுக்குத் தெரியாமல் இருக்குமா?

அடுத்த வருடம் செய்ததுதான் உங்களுக்கு வேண்டியது. வேலை முடிந்து வந்து தினமும் முக்கால் மணித்தியாலம் வெள்ளவத்தை ரயில் நிலையத்தில் இருந்தேன். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் கோட்டையில் இருந்து வரும் சனம். ஒரு சாதாரணக் கொப்பி, ஒரு கறுப்புப் பேனை. பென்சில் இல்லை, அழிறப்பர் இல்லை. ஒரு ஆளுக்கு மூன்று நிமிடம். ரயில் வந்தால் அந்த ஆள் போய்விடுவார், அதனால் நேரம் பார்க்க மணிக்கூடு தேவைப்படவில்லை. முதல் இரண்டு கிழமை கைகளை மட்டும் கீறினேன்: குடை பிடித்த கை, பிள்ளையின் மணிக்கட்டைப் பிடித்த கை, போனில் பெருவிரலால் தட்டும் கை.

அங்கே கடலை விற்கும் ஐயா ஒருவர் இருந்தார். நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ வந்து கொப்பியை எட்டிப் பார்த்தார். "பிள்ளை, என்ர கையைத்தானே கீறுறீங்கள்? ஆனா சுருள் சுத்துறது இப்பிடி இல்லை" என்றார். செய்து காட்டினார். பழைய பயிற்சிக் கொப்பித் தாளை மூலையில் பிடித்து, இடது பெருவிரலை உள்ளே கொடுத்து, வலது கையால் தாளை அந்த விரலைச் சுற்றி ஓட்டினார். கூம்பின் வாய் எவ்வளவு அகலம் என்பதை அந்தப் பெருவிரலின் சாய்வுதான் தீர்மானிக்கிறது. கடைசியில் அடி நுனியில் ஒரு மடிப்பு, அந்த மடிப்பு இருக்கும்வரை பசை தேவையில்லை. நான் கீறியிருந்ததில் இரண்டு கையும் வெளியே இருந்தன. அப்படிச் சுற்றினால் தாள் நிற்காது. அன்றைக்கு அதே கையைப் பத்தொன்பது தரம் கீறினேன். பதினெட்டாவதில்தான் பெருவிரல் உள்ளே இருப்பது வெளியே இருந்து பார்ப்பவருக்கும் விளங்கியது.

வடிவங்களை விளங்குவது, காட்சியை ஒழுங்காக அமைப்பது, ஒரு பொருளில் உள்ள சிக்கலைக் கண்டுபிடிப்பது என்று பி பகுதியில் கேட்பவை எல்லாம் இந்தப் பார்வையில் இருந்துதான் வந்தன. "படம் கீற வராது" என்று எழுதியிருக்கிறீர்கள். பரீட்சை ஓவியரைத் தேடவில்லை. நீங்கள் பார்த்ததை இன்னொருவருக்கு விளங்கும்படி கோட்டில் சொல்லத் தெரிய வேண்டும். தோள், இடுப்பு, முழங்கால் எந்தப் பக்கம் சாய்கிறது என்று சரியாகப் போட்டால் முகமே இல்லாத உருவமும் உயிரோடு நிற்கும். கண்மட்டக் கோடு, அதாவது உங்கள் கண் உயரத்தில் போகும் கோடு, எங்கே என்று முதலில் போடப் பழகுங்கள். நீங்களும் அதே தரையில் நின்று பார்த்தால், நிற்கும் பெரியவர்களின் தலை அந்தக் கோட்டை ஒட்டியே வரும், தூரத்தில் நின்றாலும் கிட்ட நின்றாலும். இந்த ஒன்றை விளங்கியதும் எனக்குக் கூட்டம் கீறும் பயம் போனது.

சிக்கலைக் கண்டுபிடிக்கும் கேள்விக்கு நான் எங்கள் குசினியிலேயே பயிற்சி செய்தேன். அம்மம்மாவுக்கு முழங்கால் வலி. பலகையில் இருந்து தேங்காய் துருவும் பழைய திருவலையில் அவவால் இருக்க முடியாது. மேசையில் பூட்டிச் சுழற்றும் திருவலை வாங்கிக் கொடுத்தோம். அதையும் ஒரு கிழமையில் விட்டுவிட்டா. ஏன் என்று கேட்டால், "சரிவராது பிள்ளை" என்பதோடு சரி. பக்கத்தில் இருந்து பார்த்துக் கீறினேன். எங்கள் மேசைப் பலகையின் விளிம்பு தடிப்பு, திருகாணி முழுக்க ஏறவில்லை, சுழற்றும்போது ஆடுகிறது. வலது கை சுழற்ற, இடது கை தேங்காய்ப் பாதியை அலகின் மேல் அழுத்த வேண்டும். அவவின் இடது மணிக்கட்டில் பலம் இல்லை. தேங்காய்ப் பூ விழும் பாத்திரம் மேசையை விடக் கீழே இருக்க வேண்டும், அதற்கு இடமில்லை, அதனால் அவ பாத்திரத்தை மடியில் வைத்து இரண்டு முழங்காலாலும் இறுக்கிப் பிடிக்கிறா. முழங்காலுக்கு ஆறுதலாக வாங்கிய பொருள் திரும்ப முழங்காலிடமே வேலை வாங்குகிறது. இதை அவவிடம் கேட்டு அறிய முடியாது. பார்த்தால்தான் தெரியும். இப்படி வீட்டில் உள்ள இருபது பொருட்களுக்கு ஒவ்வொரு பக்கம் கீறி எழுதுங்கள்: யார் பிடிக்கிறார், எங்கே பிடிக்கிறார், எது கையை விட்டு நழுவுகிறது.

இந்தப் பார்வைக்கு ஒரு நல்ல முன்மாதிரி உண்டு. அமெரிக்க வடிவமைப்பாளர் தம்பதி சார்ள்ஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் இருவரும் இந்திய அரசு கேட்டு 1958இல் ஓர் அறிக்கை கொடுத்தார்கள். அதன் தொடர்ச்சியாகத்தான் 1961இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனமான என்.ஐ.டி. தொடங்கியது. அந்தச் சிறிய அறிக்கையில் அவர்கள் எடுத்துப் பேசுவது நாம் தினமும் பிடிக்கும் செம்பைத்தான். எவ்வளவு தண்ணீர் கொள்ள வேண்டும், தூக்குவது ஆணின் கையா பெண்ணின் கையா, அந்தக் கைக்கு எவ்வளவு பலம், தலையில் வைத்தா இடுப்பில் வைத்தா, நிறைந்திருக்கும்போதும் வெறுமையாக இருக்கும்போதும் பாரம் எங்கே நிற்கும் என்று கேட்டுக்கொண்டே போகிறார்கள். ஒரு பின்னேரத்தில் வாசித்து முடிக்கலாம். வாசித்துவிட்டு உங்கள் வீட்டுச் செம்பைக் கையில் எடுங்கள்.

கொழும்பு உங்களுக்குத் தரும் இன்னொரு பெரிய வசதி மூன்று மொழிப் பெயர்ப்பலகைகள். தொடர்பாடல் வடிவமைப்புப் பக்கம் போக நினைத்தால் காலி வீதி ஒன்றே போதும். நான் வெள்ளவத்தையில் இருந்து கொள்ளுப்பிட்டி வரை நடந்து அறுபது பலகைகளைப் பார்த்துக் கீறினேன். தமிழில் சொல் நீளம், பலகை அகலம் அதேதான், அதனால் தமிழ் எழுத்தைப் பக்கவாட்டில் நசுக்கிவிடுகிறார்கள். நசுக்கும்போது நெடுங்கோடுகள் மெலிந்துபோகின்றன, படுகோடுகள் தடித்தபடியே நிற்கின்றன. தூரத்தில் இருந்து பார்க்கும்போது "ள"வும் "ன"வும் ஒன்றாகத் தெரிகின்றன. எழுத்துப் பிழைகள் வேறு. நம் மொழி என்பதால் எனக்கு வலித்தது. ஆனால் நேர்முகத்தில் அந்த வலியை மட்டும் சொல்லியிருந்தால் போதாது. எந்தக் கோடு எவ்வளவு மெலிந்தது என்று கீறிக் காட்டியதால்தான் அரை மணித்தியாலம் பேசினார்கள்.

நம் எழுத்தைப் பற்றிப் பேசினால் அங்கே யாருக்கு விளங்கும் என்று தயங்காதீர்கள். இந்திய ரூபாய்க்கு 2010இல் ஏற்ற குறியீட்டை வடிவமைத்த உதயகுமார் தமிழ்நாட்டுக்காரர். சென்னையில் கட்டடக்கலை படித்து, ஐ.ஐ.டி. பம்பாயின் வடிவமைப்புத் துறையான ஐ.டி.சி.யில் எம்.டெஸ். முடித்து, அங்கேயே தமிழ் எழுத்துருவியலில் முனைவர் ஆய்வு செய்தவர். 1969இல் தொடங்கிய அந்த ஐ.டி.சி.யில் இந்திய எழுத்துக்களை ஆராயும் மரபு நீண்டது.

ஏ பகுதியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். சீட் இணையத்தளத்தில் பல வருட வினாத்தாள்கள் இலவசமாகக் கிடக்கின்றன. கடைசி ஐந்து வருடத்தையாவது மணிக்கூட்டை வைத்துச் செய்யுங்கள். ஒரு மணித்தியாலத்தில் நாற்பதுக்கு மேற்பட்ட கேள்விகள் என்பதால் எதை விடுவது என்று தெரிந்தவர்தான் தப்புவார். எண்ணை விடையாகத் தட்டும் கேள்விகளுக்குப் பிழைத்தால் புள்ளி குறையாது. தெரிவு செய்யும் கேள்விகளில் குறையும். பொறியியல் படித்தவருக்கு வெட்டிய திண்மம், சுழலும் பற்சில்லு எல்லாம் கை வந்தவை. வாரத்தில் இரண்டு நாள் இதற்குப் போதும், மற்ற ஐந்து நாளும் பேனையோடு இருங்கள். பரீட்சை ஆங்கிலத்தில்தான். தமிழ் மொழிமூலம் படித்தவர் என்றால் உங்கள் ஒவ்வொரு படத்துக்கும் கீழே இரண்டு சின்ன ஆங்கில வசனம் எழுதப் பழகுங்கள். பி பகுதியில் நீண்ட வசனம் யாருக்கும் தேவையில்லை.

நடைமுறை விஷயங்கள். விண்ணப்பம் வழக்கமாக ஒக்டோபர் அளவில் திறக்கும், பரீட்சை ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மூன்று வருடத்துக்குக் குறையாத பட்டம் வேண்டும். வயதெல்லை இல்லை, எத்தனை தரமும் எழுதலாம். புள்ளி ஒரு வருடத்துக்குத்தான் செல்லும். நான் சென்னையை மையமாக எடுத்தேன். அண்மைக் காலமாகப் பரீட்சை தைப்பொங்கலை ஒட்டியே வருவதால் விமான டிக்கெட்டைக் கடைசி நேரத்துக்கு விடாதீர்கள், இரண்டு நாள் முன்னதாகவே போய் மண்டபத்தை ஒருதரம் பார்த்துவிடுங்கள். சீட் புள்ளி வந்ததும் வேலை முடிந்தது என்று இருந்துவிடவும் கூடாது. ஒவ்வொரு நிறுவனத்துக்கும் தனித்தனியாக விண்ணப்பிக்க வேண்டும். அதன்பிறகும் பல இடங்களில் நேர்முகம் உண்டு, செய்த வேலைகளின் தொகுப்பையும் கேட்பார்கள். வெளிநாட்டு மாணவருக்கான இடங்களும் கட்டணமும் இடத்துக்கு இடம் வேறு. விண்ணப்பம் திறக்க முன்பே அந்தத் துறை அலுவலகத்துக்கு நேரடியாக மின்னஞ்சல் எழுதிக் கேளுங்கள். கொழும்பில் உள்ள இந்திய உயர்ஸ்தானிகராலயம் அறிவிக்கும் புலமைப்பரிசில்களையும் கவனித்துக்கொள்ளுங்கள்.

தொகுப்புக்கென்று புதிதாக எதையும் செய்ய ஓட வேண்டாம். ரயில் நிலையக் கொப்பி, திருவலைப் பக்கங்கள், அறுபது பலகைகள், இவைதான் என் தொகுப்பு. அழகான பக்கங்களை மட்டும் எடுத்து வைக்க நினைத்தேன். கடைசி நேரத்தில் மனம் மாறி, கடலைச் சுருள் சுற்றும் கையின் பத்தொன்பது படங்களையும் வரிசையாக ஒட்டிக் கொண்டுபோனேன். நேர்முகத்தில் முதலில் விரல் வைத்துக் கேட்டது அந்தப் பக்கத்தைத்தான்.

இப்போதிருந்து தொடங்கினால் உங்களுக்கு ஒரு நாளைக்கு நாலு படம் போதும். ஒரு மாதக் கொப்பியைப் படமெடுத்து இந்தப் பதிலுக்குக் கீழே போடுங்கள், இருந்து பார்த்து ஒவ்வொரு பக்கத்துக்கும் எழுதுகிறேன். முதல் பக்கத்தில் கைகளை மறைக்காமல் கீறுங்கள்.