மாதிரி நகரத்தில் ரயில் எங்கே? (வாசகர் கேள்வி–பதில்)

கேள்வி: பெருநகரம் ஒன்றின் நடுவில், மூடிக் கிடக்கும் பழைய சரக்குத்துறை நிலத்தில் புது நகரமே எழுப்பப் போகிறார்களாம். விற்பனை அலுவலகத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த மாதிரியைப் பார்த்து அசந்துபோனேன். இந்த மாதிரிப் பெரிய திட்டங்கள் நிஜமாகவே தேறுமா ஐயா?

பதில்: அந்தக் கண்ணாடிப் பெட்டிகளை நானும் நிறையப் பார்த்திருக்கிறேன். ஸ்பாஞ்சை நறுக்கி ஒட்டிய மரங்கள், விரல்நகம் அளவுக்குக் கார்கள், எல்லா ஜன்னலுக்குள்ளும் மஞ்சள் விளக்கு. (நிஜக் கட்டடத்தில் எல்லா ஜன்னலிலும் விளக்கு எரிந்து நான் பார்த்ததில்லை, அது இருக்கட்டும்.) அடுத்த முறை போகும்போது கோபுரங்களை விட்டுவிட்டு ரயில் எங்கே வருகிறது என்று தேடுங்கள். அது புள்ளிக்கோடாக இருந்தால், கட்டி முடிக்கும் தேதியையும் புள்ளிக்கோடாகவே நினைத்துக்கொள்ளுங்கள்.

லண்டனின் கேனரி வார்ஃப் கதை உங்கள் கேள்விக்கு அப்படியே பொருந்தும். சரக்கெல்லாம் கன்டெய்னருக்கு மாறிய பிறகு பெரிய கப்பல்கள் நகரத்துக்குள் வருவது நின்றுபோய், 1980களின் தொடக்கத்துக்குள் கிழக்கு லண்டன் துறைகள் மூடப்பட்டன. 1981ல் அரசு அந்தப் பகுதிக்கென்றே தனி வாரியம் அமைத்தது. 1987ல் கனடாவைச் சேர்ந்த ஒலிம்பியா அண்ட் யார்க் கம்பெனி திட்டத்தைக் கையில் எடுத்து, 50 மாடி, 235 மீட்டர் உயரத்தில் ஒரு கோபுரம் எழுப்பி 1991ல் திறந்தது. அன்றைக்கு பிரிட்டனிலேயே உயரமான கட்டடம் அதுதான். எல்லாம் சரி, ஆயிரக்கணக்கான பேர் காலையில் வேலைக்கு வந்து சேர்வது எப்படி? அப்போது அங்கே ஓடியது சின்னதாக ஒரு இலகு ரயில்தான். பாதாள ரயிலின் ஜூப்ளி பாதையை அங்கே வரை நீட்ட கம்பெனியே 40 கோடி பவுண்டு தருவதாக ஒத்துக்கொண்டிருந்தது. அதற்குள் அலுவலக வாடகை சரிந்து, மாடிகள் காலியாகக் கிடந்து, 1992 மே மாதம் திட்டம் திவாலானது. ரயில் வந்தது 1999ல்.

கோபுரம் திறந்ததற்கும் ரயில் வந்ததற்கும் நடுவே எட்டு வருஷம். கடனுக்கு வட்டி ஞாயிற்றுக்கிழமையிலும் ஓடும், ரயில் வரட்டும் என்று காத்திருக்காது. ரயில் வந்தபின் அந்த இடம் நிரம்பியது, பெரிய வங்கிகள் வந்தன. ஒலிம்பியா அண்ட் யார்க் கம்பெனியை நடத்திய சகோதரர்களில் ஒருவரான பால் ரைக்மன், வேறு முதலீட்டாளர்களைச் சேர்த்துக்கொண்டு 1995லேயே அதைத் திரும்ப வாங்கிவிட்டார். ஆக, நகரத்துக்கு உண்மையிலேயே தேவை இருக்கும் இடத்தில் திட்டம் பெரும்பாலும் தேறிவிடும். முதலில் பணம் போட்டவர் தேறுவாரா என்பதுதான் சந்தேகம். நீங்கள் எந்த வரிசையில் நிற்கிறீர்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: துறைமுக நிலத்துக்கு ஒரே சொந்தக்காரர். ஏற்கெனவே நூற்றுக்கணக்கான குடும்பங்கள் இருக்கும் இடத்தில் இதெல்லாம் நடக்குமா?

பதில்: நடக்கும், பொறுமை இருந்தால். டோக்கியோவின் ரொப்பொங்கி ஹில்ஸ் சுமார் 11 ஹெக்டேர். அதில் சுமார் 400 சொந்தக்காரர்கள். 1986ல் அதை மறுசீரமைப்புப் பகுதியாகக் குறித்தார்கள், திறந்தது 2003ல். அந்த 17 வருஷத்தில் கட்டுமானம் நடந்தது கடைசி மூன்று வருஷம்தான், மீதியெல்லாம் பேச்சு. வீடு வீடாகப் போய், கூட்டம் போட்டு, கோபித்துக்கொண்டு எழுந்து போனவர்களைத் திரும்பக் கூட்டி வந்து பேசிய பேச்சு. பழைய வீட்டின் மதிப்புக்கு ஈடாகப் புதுக் கட்டடத்தில் பங்கு எடுத்துக்கொண்டு அங்கேயே இருக்கலாம் என்பதுதான் ஏற்பாடு. 17 வருஷமா என்று மலைக்கிறவர்கள், ஆட்களை அடித்து விரட்டிவிட்டுப் பிறகு கோர்ட்டில் இழுபடும் திட்டங்களின் வயதையும் கொஞ்சம் எண்ணிப் பார்க்கலாம்.

கேள்வி: வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் காலத்தில் இன்னும் அலுவலகக் கோபுரங்கள் எதற்கு?

பதில்: நல்ல கேள்வி. மேலே சொன்ன அதே கேனரி வார்ஃபை விட்டு, லண்டனின் பழைய வணிகப் பகுதியில் இதைவிடச் சின்ன இடத்துக்குப் போவதாக எச்எஸ்பிசி வங்கி 2023ல் அறிவித்தது. அலுவலகத்தை மட்டும் நம்பிய இடம் மாலை ஏழு மணிக்குச் செத்துவிடும். வீடும் பள்ளிக்கூடமும் கடையும் கலந்து வரும் திட்டம்தான் தாக்குப்பிடிக்கும்.

கேள்வி: பெரிய பெயர் எடுத்த பில்டர், 'ப்ரீ-லாஞ்ச் விலை' என்கிறார். இன்னும் அஸ்திவாரம்கூடத் தோண்டவில்லை. புக்கிங் போடலாமா?

பதில்: பெயரைப் பார்த்துப் போட்டுவிட்டு நாலு வருஷம் வாடகையும் தவணையும் சேர்த்துக் கட்டியவன் நான், அதனால் என் பதில் கொஞ்சம் காரமாகத்தான் இருக்கும்.

சீனாவின் எவர்கிராண்டைவிடப் பெரிய பெயர் வேண்டுமா? வீடு கட்டுவதற்கு முன்பே விற்று, அந்தப் பணத்தோடு கடனும் வாங்கி அடுத்த நிலம், அதைக் காட்டி இன்னும் கடன் என்று உருண்டுகொண்டே போன கம்பெனி. விற்பனை ஓடும் வரை சக்கரம் சுற்றியது. 2020ல் சீன அரசு பில்டர்களின் கடனுக்கு உச்சவரம்பு விதித்ததும் புதுக் கடன் நின்றது, சக்கரமும் நின்றது. 2021 டிசம்பரில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாமல் தவறியபோது மொத்தப் பொறுப்பு 30,000 கோடி டாலருக்கு மேல். 2024 ஜனவரியில் ஹாங்காங் நீதிமன்றம் கம்பெனியைக் கலைக்க உத்தரவிட்டது. இதற்கு நடுவே, 2022ல், பல நகரங்களில் பாதியில் நின்ற வீடுகளுக்குப் பணம் கட்டியவர்கள் "வீட்டைக் கொடு, அப்புறம் தவணை கட்டுகிறோம்" என்று வங்கிகளிடமே சொல்லிவிட்டார்கள்.

அதனால் பில்டரிடம் விலையை அப்புறம் பேசுங்கள். என் பணம் எந்தக் கணக்குக்குப் போகும், இந்தக் கட்டடத்துக்கு மட்டுமே எடுக்க முடிகிற தனிக் கணக்கா, எவ்வளவு வேலை முடிந்தால் எவ்வளவு எடுக்கலாம், அதைச் சரிபார்ப்பது யார் என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். "அதெல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் சார்" என்று பதில் வந்தால் காபியைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிடுங்கள். அப்புறம் இன்னொன்று: அதே பில்டர் மூன்று வருஷத்துக்கு முன் முடித்துக் கொடுத்த கட்டடத்துக்கு ராத்திரி எட்டரை மணிக்குப் போய், எதிரே நின்று, விளக்கு எரியும் ஜன்னல்களை எண்ணுங்கள். எண்ணிவிட்டு வாட்ச்மேனிடம் கொஞ்சம் பேச்சுக் கொடுங்கள். எந்த மாடிக்குத் தண்ணீர் ஏறவில்லை, எந்த லிஃப்ட் நிற்கிறது என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும்.

கேள்வி: நகரின் பொது நிலத்தை ஒரே பெரிய கம்பெனிக்கு ஏலத்தில் அதிக விலைக்கு விற்றுவிட்டால் மக்களுக்கு லாபம்தானே?

பதில்: ஒரே ஒரு வருஷ பட்ஜெட்டுக்கு லாபம். அதிக விலை கொடுத்தவர் அதை உங்களிடம்தான் வசூலிப்பார், முடியாவிட்டால் நிலத்தை வேலி போட்டு வைத்துக்கொண்டு விலை ஏறும் வரை உட்கார்ந்திருப்பார். ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரம் தன் ஹாஃபன்சிட்டி என்ற பழைய துறைமுக நிலத்தை, 157 ஹெக்டேரையும், அப்படி ஒரே கையில் கொடுக்கவில்லை. துண்டு துண்டாக, விலையை மட்டும் பார்க்காமல் என்ன கட்டப்போகிறீர்கள் என்று கேட்டுக் கொடுக்கிறது. தேர்வானவருக்கும் உடனே பத்திரம் கிடையாது. வடிவமைப்புப் போட்டி நடத்தி அனுமதியெல்லாம் வாங்கி முடிக்கும் வரை நிலம் நகரத்தின் பெயரில்தான் இருக்கும், அதற்குள் அவர் தூங்கிவிட்டால் துண்டு வேறொருவருக்குப் போய்விடும். 2000த்தில் முதன்மைத் திட்டம் போட்டார்கள், வேலை இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. அதைப் பற்றி அங்கே யாரும் வெட்கப்படுவதாகவும் தெரியவில்லை.