மூசையில் யுரேனியம்

கேள்வி: நகைப் பட்டறை வைத்திருக்கிறேன். பழைய தங்கத்தை மூசையில் உருக்கினால் கசடு பிரிந்துவிடும். அணு உலையில் எரிந்த யுரேனியத்தை மட்டும் ஏன் அமிலத்தில் கரைக்கிறார்கள்? உருக்கினால் ஆகாதா?
– வாசகர், கும்பகோணம்

பதில்: ஆகும், ஐயா. செய்தே காட்டியிருக்கிறார்கள். அமெரிக்காவின் ஐடஹோவில் ஈபிஆர்-2 என்ற வேக உலை இருந்தது; அணுவைப் பிளக்கும் நியூட்ரான் துகள்களை வேகம் குறைக்காமலே பயன்படுத்தும் உலை அது. அதன் எரிபொருள் உலோகம். 1964 முதல் 1969 வரை, உலையை ஒட்டிய கட்டடத்திலேயே, எரிந்த கோல்களின் உறையை உரித்து, நறுக்கி, சிர்கோனியா மூசையில் போட்டு, ஏறக்குறைய 1400 டிகிரி செல்சியஸில் சில மணி நேரம் உருக்கிவைத்தார்கள். யுரேனிய அணு பிளந்ததில் பிறந்த பொருள்களில் செனான், கிரிப்டான், சீசியம் எல்லாம் ஆவியாகிக் கிளம்பின. சீரியம் போன்ற அருமண் உலோகங்கள் மூசையிலிருந்தே ஆக்சிஜனைப் பறித்துக் கசடாக ஒட்டிக்கொண்டன. மிஞ்சியதை வார்த்து மறுபடி கோலாக்கினார்கள். உங்கள் பட்டறை வேலைதான். ஆனால் கிட்டே போக முடியாது. அறை முழுக்க ஆர்கான் வாயு. தடித்த கண்ணாடிக்கு இப்பால் நின்று எந்திரக் கைகளை இயக்க வேண்டும்.

ருத்தீனியமும் மாலிப்டினமும்தான் அடம்பிடித்தன. ஆவியாகவும் இல்லை, கசடாகவும் இல்லை. ஐடஹோக்காரர்கள் கெட்டிக்காரர்கள்: துரத்த முடியாததைக் கலவையில் ஓர் அங்கமாகவே சேர்த்து, 'ஃபிசியம்' என்று பெயரும் சூட்டினார்கள். வேக நியூட்ரான்கள் இந்தக் கலப்படத்தை அவ்வளவாகப் பொருட்படுத்துவதில்லை.

கல்பாக்கம் மின் உலைகளின் கதை வேறு. அங்கே எரிவது யுரேனியம் ஆக்சைடு. உருக 2800 டிகிரிக்கு மேல் வேண்டும். உருக்கினாலும், உலையில் யுரேனியத்திலிருந்து பிறந்த புளூட்டோனியம் தனியே வராது. ஆகவே கோலை வெட்டிச் சூடான நைட்ரிக் அமிலத்தில் போடுகிறார்கள். சிர்கோனியம் கலவை உறை மட்டும் கரையாமல் நிற்கும். டிரைபியூட்டைல் பாஸ்பேட் கலந்த எண்ணெயோடு அந்தக் கரைசலைக் கலக்கினால், யுரேனியமும் புளூட்டோனியமும் எண்ணெய்க்கு ஏறிவிடும்; பிளவில் பிறந்த மற்றவற்றில் பெரும்பகுதி அமிலத்திலேயே தங்கிவிடும். பிறகு புளூட்டோனியத்தின் வேதிநிலையை ஒரு படி இறக்கினால், அது மட்டும் அமிலத்துக்குத் திரும்பும். தங்கத்திலிருந்து வெள்ளியைப் பிரிக்க நீங்களும் இதே அமிலத்தைத்தானே எடுக்கிறீர்கள்?

கேள்வி: பிரித்தபின் மிஞ்சும் அமிலத்தை எங்கே கொட்டுவார்கள்?
– வாசகி, செய்யூர்

பதில்: கொட்ட மாட்டார்கள், அம்மா. கதிரியக்கத்தில் பெரும்பங்கு அதில்தான் இருக்கிறது. துருப்பிடிக்காத எஃகுத் தொட்டிகளில் வைத்திருந்து, பிறகு நீரை வற்றவைத்து, போரோசிலிகேட் கண்ணாடியோடு உருக்கி, எஃகுக் கலங்களில் ஊற்றி மூடுகிறார்கள். அப்புறமும் கலம் சுடும். பல ஆண்டுகள் குளிரவைத்துக் காக்க வேண்டும்.