மாமியார் சொன்ன மோட்டார்சைக்கிள் கம்பெனி

கேள்வி: என் மனைவி கோவென்ட்ரியில் பிறந்து வளர்ந்த ஆங்கிலேயப் பெண். அவருடைய கொள்ளுத்தாத்தா முதல் உலகப் போருக்கு முன்பு அந்த ஊரில் மோட்டார்சைக்கிள் கம்பெனி நடத்தினாராம். புதுவிதமான கியர் ஒன்றைக் கண்டுபிடித்தார், பெரிய கம்பெனி அதைத் திருடிக்கொண்டது, அதில்தான் நொடித்துப்போனார் என்கிறார் மாமியார். எங்களிடம் இருப்பது ஒரே ஒரு புகைப்படம். வண்டிமேல் உட்கார்ந்திருக்கிறார், டேங்கில் குடும்பப் பெயர். மாமியாரின் 80-வது பிறந்தநாளுக்குள் அவர் கதையைத் திரட்டிக் கொடுக்க ஆசை. எங்கே தொடங்குவது?
- வாசகர், பர்மிங்ஹாம்

பதில்: டேங்கில் உள்ள பெயர் இருக்கட்டும், முதலில் எஞ்சினைப் பாருங்கள். படத்தை ஸ்கேன் செய்து பெரிதாக்கி, கிராங்க்கேஸின் (எஞ்சினின் அடிப்பகுதிக் கூடு) பக்கவாட்டில் வார்ப்பிலேயே எழுத்து ஏதும் தெரிகிறதா என்று தேடுங்கள். அந்தக் காலத்துச் சின்னக் கம்பெனிகளில் பெரும்பாலானவை சொந்தமாக எஞ்சின் செய்ததில்லை. லண்டன் டாட்டன்ஹாமில் ஜே.ஏ.பி., உங்கள் பர்மிங்ஹாமிலேயே பிரிசிஷன் என்று ஒருவரிடம் எஞ்சினை வாங்குவார்கள். ஃபோர்க்கையும் (முன்சக்கரத்தைத் தாங்கும் கவை) கியரையும் வேறு இடத்தில் வாங்கிப் பூட்டி, டேங்கில் தங்கள் பெயரை எழுதி விற்பார்கள். இதில் கௌரவக் குறைவு ஒன்றுமில்லை. கோவென்ட்ரியின் ட்ரயம்ஃபே 1902-ல் தன் முதல் மோட்டார்சைக்கிளை பெல்ஜியத்து மினர்வா எஞ்சினோடுதான் இறக்கியது. 1907-ல் நடந்த முதல் ஐல் ஆஃப் மேன் டி.டி. பந்தயத்தில் இரட்டை சிலிண்டர் பிரிவில் ஜெயித்த நார்ட்டனுக்குள் ஓடியது பிரெஞ்சுக்காரர்களின் பெஜோ எஞ்சின். ஆகவே 'கம்பெனி' என்று மாமியார் சொல்வது, சைக்கிள் கடைக்குப் பின்னால் இரண்டு மூன்று பேர் வேலை பார்த்த பட்டறையாகவும் இருக்கலாம்.

அடுத்தது நம்பர் பிளேட். 1904 ஜனவரி முதல் தேதியிலிருந்து பிரிட்டனில் மோட்டார்சைக்கிளுக்கும் பதிவு கட்டாயம். கோவென்ட்ரி வண்டி என்றால் 'டி.யு.' என்று தொடங்கும். எண் தெரிந்தால், அந்தக் காலத்துப் பதிவேடு மிஞ்சியிருக்கிறதா என்று அந்த ஊர் ஆவணக் காப்பகத்தில் கேளுங்கள். எல்லா ஊரிலும் மிஞ்சவில்லை.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன். அவர் நொடித்துப்போனார் என்று வருத்தத்தோடு எழுதியிருக்கிறீர்கள். தேடுகிறவருக்கு அது நல்ல செய்தி. சத்தமில்லாமல் பிழைத்த கடைக்காரரைப் பற்றி அரசாங்கத்திடம் ஒரு தாளும் இருக்காது. கடையை மூடியவருக்குக் கட்டுக் கட்டாக இருக்கும். திவால் ஆனாலும் சரி, கூட்டாளிகள் பிரிந்தாலும் சரி, அரசாங்க அறிவிப்பு இதழான லண்டன் கெஸட்டில் அறிவிப்பு வரும். பழைய இதழ்கள் எல்லாமே இணையத்தில் இலவசம். குடும்பப் பெயரோடு 'கோவென்ட்ரி' என்பதையும் சேர்த்துத் தேடுங்கள். கம்பெனி 'லிமிடெட்' ஆக இருந்திருந்தால் இன்னும் வசதி. கலைக்கப்பட்ட கம்பெனிகளின் கோப்புகள் லண்டனின் கியூ பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் பி.டி. 31 என்ற வரிசையில் இருக்கின்றன. எல்லாக் கோப்பையும் வைத்திருக்கவில்லை, அதிர்ஷ்டம் வேண்டும். கிடைத்துவிட்டால் பங்குதாரர்களின் பெயர், விலாசம், தொழில், ஆளுக்கு எத்தனை பங்கு என்பதுவரை பார்க்கலாம். மச்சானும் மாமனாரும் பணம் போட்டார்களா, கடன் கொடுத்தவர் யார் என்று குடும்பம் மறந்துபோனதெல்லாம் அதில்தான் வெளியே வரும்.

மூடிய வருஷத்தையும் கவனியுங்கள். 1916 நவம்பரில் பொதுமக்களுக்கு மோட்டார்சைக்கிள் செய்வதையே போர்த் தளவாட அமைச்சகம் நிறுத்திவிட்டது. போருக்குப் பிறகு வந்த கிராக்கியை நம்பி இறங்கிய பலர் 1921-ன் மந்தத்தில் கவிழ்ந்தார்கள். அவர் கடை மூடிய வருஷம் இந்த இரண்டில் ஒன்றோடு பொருந்தினால், நொடித்ததற்குத் திருட்டைக் காரணம் காட்ட அவசியமே இல்லை.

சென்சஸை விட்டுவிடாதீர்கள். 1911 கணக்கெடுப்பில் அவர் முதலாளியா, தொழிலாளியா, தனியாகத் தொழில் செய்பவரா என்று ஒரு பத்தி உண்டு. 1921-ல் யாரிடம் வேலை பார்த்தார் என்றே கேட்டிருக்கிறார்கள். ஒருகாலத்து முதலாளி அதில் இன்னொரு கம்பெனியின் ஃபிட்டராக நிற்கக்கூடும். 1931-ஐத் தேடி அலைய வேண்டாம், அது 1942-ல் தீயில் போய்விட்டது.

வண்டியை அடையாளம் காண, வின்டேஜ் மோட்டார் சைக்கிள் கிளப்பின் நூலகத்துக்குப் படத்தை அனுப்புங்கள். ஃபோர்க்கின் வளைவை வைத்தே வருஷம் சொல்லக்கூடியவர்கள் அந்த வட்டத்தில் உண்டு.

கடைசியாக அந்தக் கியர். பழைய பிரிட்டிஷ் பேடண்ட்களை (கண்டுபிடிப்புக்கான காப்புரிமைகள்) எஸ்பாஸ்நெட் என்ற இணையதளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். 1916-க்கு முன்னால் பேடண்ட் எண் வருஷா வருஷம் ஒன்றிலிருந்து தொடங்கியதால், எண்ணோடு வருஷத்தையும் சேர்த்தே குறித்துக்கொள்ளுங்கள். ஒரு பேடண்ட்டின் ஆயுள் அன்று 14 வருஷம். ஆனால் நாலு வருஷத்துக்குப் பிறகும் அது உயிரோடு இருக்கப் புதுப்பிப்புக் கட்டணம் கட்ட வேண்டும். கையில் காசில்லாதவர்கள் கட்டாமல் விட்டார்கள். விட்டதும் எந்தப் பெரிய கம்பெனியும் அதைத் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம், சட்டப்படி அது திருட்டாகாது. உங்கள் தேடலில் இப்படித்தான் தெரியவந்தால், மாமியாரிடம் பிறந்தநாள் கழிந்த பிறகு சொல்லுங்கள்.