சமையல் கேள்வி-பதில்: மாவு சேராத மெக்சிகோ ஆட்டிறைச்சிக் குழம்பு

கேள்வி: வீட்டில் அனைவரும் மாவுச்சத்தைக் குறைத்து உண்கிறோம். மெக்சிகோவின் பிர்ரியாவைச் சமைக்க விரும்பித் தேடியபோது, குழம்பு கெட்டியாவதற்கு மக்காச்சோள மாவைக் கரைத்து ஊற்றச் சொல்லும் குறிப்பு ஒன்று கிடைத்தது. மாவு சேர்க்காவிட்டால் குழம்பு நீர்த்துப் போகாதா?
– வாசகி, கோயம்புத்தூர்

பதில்: போகாது. பிர்ரியா என்பது மெக்சிகோவின் மேற்கிலுள்ள ஹலிஸ்கோ மாநிலத்துக்கு உரிய ஆட்டிறைச்சிக் குழம்பு. ஸ்பானியர் 16ஆம் நூற்றாண்டில் கொண்டுவந்த வெள்ளாடும், அந்த மண்ணில் அதற்கு முன்பே விளைந்துவந்த மிளகாயும் சேர்ந்து உருவான உணவு அது. ஊறவைத்து அரைத்த மிளகாயின் சதையும், எலும்பையொட்டிய சவ்வுகள் மெல்லக் கரைந்து சாற்றில் இறங்கும் பசையுமே அதற்குக் கனத்தைத் தருகின்றன. மக்காச்சோள மாவுக்கு அங்கே வேறு வேலை உண்டு. பிசைந்த மாவால் பானையின் வாயை அடைத்து, ஆவி வெளியேறாமல் வேகவைப்பது பழைய முறை. தம் பிரியாணிச் சட்டியை நாம் மைதாவால் அடைப்பதைப் போன்றதே அது. மாவு குழம்புக்குள் போவதில்லை.

ஐந்து பேருக்கு எலும்போடு கூடிய ஒரு கிலோ வெள்ளாட்டு இறைச்சி போதும். தொடைக்கறியை விட முன்னங்கால், தோள், விலா ஆகிய பகுதிகளைக் கேட்டு வாங்குங்கள், ஏனெனில் மெல்லக் கரையும் சவ்வு அங்கேதான் மிகுதி. விதை நீக்கிய காய்ந்த மிளகாய் 40 கிராம் எடுத்து, வெறும் தோசைக்கல்லில் சில நொடிகள் மட்டும் புரட்டி எடுங்கள். இந்த இடத்தில் கவனம் சிதறக் கூடாது. மிளகாய் கருகினால் குழம்பு முழுவதும் கசக்கும், பிறகு எதைச் சேர்த்தும் அதைச் சரிசெய்ய முடியாது. வெந்நீரில் 20 நிமிடம் ஊறிய மிளகாயோடு, சுட்ட தக்காளி 200 கிராம், ஒரு நடுத்தர வெங்காயம், ஆறு பல் பூண்டு, ஒரு தேக்கரண்டி சீரகம், மூன்று கிராம்பு, சிறு துண்டு பட்டை, பத்து மிளகு, மூன்று மேசைக்கரண்டி வினிகர் ஆகியவற்றைச் சேர்த்து நைய அரைத்து, மிளகாய்த் தோல் நாவில் உறுத்தாதபடி வடிகட்டிக்கொள்ளுங்கள். உப்புடன் இந்த விழுதை இறைச்சியில் பூசி, இரவு முழுவதும் குளிர்பெட்டியில் வைத்திருந்து, மறுநாள் இறைச்சி மூழ்கும் அளவு நீர் ஊற்றிக் கனமான மூடிய பாத்திரத்தில் சிறுதீயில் சுமார் மூன்று மணி நேரம் வேகவிடுங்கள். குக்கரில் செய்வோர் நீரைப் பாதியாகக் குறைத்து, முதல் விசிலுக்குப் பின் சிறுதீயில் 35 முதல் 40 நிமிடம் வைத்து, திறந்த பிறகு கால் மணி நேரம் சுண்டவிட வேண்டும். எலும்பிலிருந்து கறி தானாகக் கழன்று வருவதே பதம்.

கேள்வி: மெக்சிகோ மிளகாய் இங்கே கிடைக்கவில்லை. அதே எடைக்கு நம் நீட்டு மிளகாயைப் போட்டேன். காரம் தாங்காமல் யாராலும் உண்ண முடியவில்லை.
– வாசகர், மதுரை

பதில்: பிர்ரியாவில் மிளகாய் காரத்துக்காக மட்டும் சேர்வதில்லை, நிறத்துக்கும் கனத்துக்கும் பழச்சுவைக்கும் அதுவே ஆதாரம். பொப்லானோ மிளகாயைக் காயவைத்தால் கிடைக்கும் ஆன்ச்சோவின் காரம் ஸ்கோவில் அளவையில் 1000 முதல் 2000 வரை. குவஹீயோ மிளகாய்க்கு 2500 முதல் 5000 வரை. குண்டூர் மிளகாயோ 30,000ஐத் தாண்டும். ஆகவே எடைக்கு எடை போடுவதானால், காரம் குறைந்த காஷ்மீரி மிளகாயையோ கர்நாடகத்தின் பியாடகி மிளகாயையோதான் போட வேண்டும். இவற்றுக்குச் சதை குறைவு என்பதால், குழம்பை இன்னும் சற்று நேரம் சுண்டவிடுங்கள்.

நீங்கள் கேட்காவிட்டாலும் ஒன்று சொல்ல வேண்டும். மெக்சிகோவில் சேர்க்கும் ஓரிகானோவும் பீட்சாவின் மேல் தூவும் ஓரிகானோவும் வெவ்வேறு தாவரக் குடும்பங்களைச் சேர்ந்தவை. முந்தையது கிடைக்காத இடத்தில், வீட்டுத் தொட்டியில் வளரும் கற்பூரவல்லியின் இரண்டு இலைகளை அரைத்துச் சேர்ப்பதையே நான் விரும்புவேன். கார்வக்ரால் என்னும் மணப்பொருள் இரண்டிலும் உண்டு.

கேள்வி: என் கணவருக்கு நீரிழிவு உண்டு. இந்தக் குழம்பில் மாவுச்சத்து எவ்வளவு இருக்கும்?
– வாசகி, திருநெல்வேலி

பதில்: மேலே சொன்ன அளவில் செய்து ஐவர் பகிர்ந்துகொண்டால், நார்ச்சத்தைக் கழித்தபின் ஒருவருக்கு ஏறக்குறைய 6 அல்லது 7 கிராம் வரும். அதுவும் மிளகாய், வெங்காயம், பூண்டு, தக்காளி ஆகியவற்றிலிருந்து வருவதே. இறைச்சியில் மாவுச்சத்து இல்லை என்றே சொல்லலாம். ஆனால் தொட்டுக்கொள்ளும் டார்ட்டியா என்னும் மெல்லிய மக்காச்சோள ரொட்டி சிறியதாக இருந்தாலும் ஒன்றுக்குச் சுமார் 10 கிராம் ஆகிவிடும். மூன்று உண்டால் குழம்பில் காட்டிய கவனமெல்லாம் வீண். இன்சுலினோ கிளிமிபிரைடு போன்ற மாத்திரைகளோ எடுத்துக்கொள்பவர் மாவுச்சத்தைத் திடீரெனக் குறைத்தால் இரத்தச் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கக்கூடும் என்பதால், உணவை மாற்றும் முன்பே மருத்துவரிடம் சொல்லி மருந்தின் அளவைத் திருத்திக்கொள்வது கட்டாயம்.

கேள்வி: டார்ட்டியா இல்லையென்றால் எதனுடன் பரிமாறுவது?
– வாசகர், சேலம்

பதில்: முதலில் சாற்றைத் தனியாக ஒரு கிண்ணத்தில் ஊற்றி, பொடியாக நறுக்கிய வெங்காயம், கொத்தமல்லி, எலுமிச்சைச் சாறு சேர்த்துக் குடிக்கக் கொடுங்கள். மெக்சிகோவில் இதைக் கொன்சோமே என்பார்கள். இந்த உணவின் சிறந்த பகுதி அதுவே என்பது என் கருத்து. கறியை உதிர்த்து, கொதிநீரில் ஒரு நிமிடம் வாட்டிய முட்டைக்கோஸ் இலையில் சுருட்டி உண்ணலாம். மெக்சிகோவில் முள் நீக்கிய சப்பாத்திக்கள்ளி மடலைக் கல்லில் சுட்டு இறைச்சியுடன் உண்பார்கள். மாவுச்சத்து மிகக் குறைந்த அந்தக் காய் கிடைக்காதவர்கள் வெண்டைக்காயைப் பிளந்து கல்லில் வாட்டினால் அதே வழவழப்பு கிடைக்கும், இளம்புளிப்புக்கு எலுமிச்சை போதும்.