இஸ்லாம் 1400 ஆண்டுகளுக்கு முன்பே பெண்களுக்கு உரிமைகளைக் கொடுத்துவிட்டது, பிறகு முஸ்லிம் பெண்ணுக்குப் பெண்ணியம் எதற்கு?

யாரிடமோ வாதாடிக் களைத்துப்போய் வந்து இதைக் கேட்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். "எல்லாம்தான் கொடுத்தாச்சே, இன்னும் என்ன வேணும் இவங்களுக்கு" என்கிற சலிப்பு கேள்வியிலேயே தெரிகிறது. கிட்டத்தட்ட இதே வார்த்தைகளை என் பெரியண்ணன் என் முகத்துக்கு நேராகக் கேட்டிருக்கிறார், அதனால்தான் பதில் எழுத உட்கார்ந்தேன்.

நீங்கள் சொல்வது பொய் இல்லை. குர்ஆனில் அன்னிஸா அத்தியாயத்தின் 7ஆம் வசனம், பெற்றோரும் நெருங்கிய உறவினர்களும் விட்டுச் செல்வதில் ஆண்களுக்குப் பாகம் உண்டு, பெண்களுக்கும் பாகம் உண்டு, அது கொஞ்சமோ அதிகமோ, விதிக்கப்பட்ட பாகம் என்கிறது. கல்யாணத்தில் கணவன் கொடுக்கும் மஹர் மனைவியின் சொந்தப் பணம், அதில் கணவனுக்கோ தகப்பனுக்கோ உரிமை கிடையாது. இங்கிலாந்தில் கல்யாணமான பெண் தன் சொத்தைத் தானே வைத்து ஆள 1882ஆம் வருடச் சட்டம் வர வேண்டியிருந்தது. பிரான்சில் கணவனுடைய சம்மதம் இல்லாமல் மனைவி வங்கிக் கணக்குத் தொடங்க 1965 வரை காத்திருந்தார்கள். படிக்கிற காலத்தில் இதையெல்லாம் நானே மூச்சுவிடாமல் அடுக்கி எதிராளியை வாயடைக்க வைத்திருக்கிறேன். இன்றும் அந்தப் பெருமை எனக்கு உண்டு.

அத்தா (அப்பா) மௌத்தாகி, அதாவது இறந்து, சில மாதம் கழித்து அண்ணன்கள் இரண்டு பேரும் ஒரு பத்திரத்தோடு வந்தார்கள். "சும்மா ஒரு கையெழுத்துதான்" என்றார் சின்னண்ணன். வாசித்துப் பார்த்தால் எனக்கு எதுவும் வேண்டாம் என்று நானே எழுதிக் கொடுப்பதாக இருந்தது. நான் சண்டை போடவில்லை, சத்தியமாக. கடன் ஏதாவது இருந்தால் கழித்துவிட்டு மார்க்கப்படி பிரித்துக்கொள்ளலாமே என்றுதான் சொன்னேன். கணக்கும் போட்டு வைத்திருந்தேன்: மனைவிக்கு எட்டில் ஒன்று, மீதியில் மகனுக்கு இரண்டு பங்கு என்றால் மகளுக்கு ஒன்று. ஆக 40 பாகத்தில் அம்மாவுக்கு 5, அண்ணன்களுக்கு ஆளுக்கு 14, எனக்கு 7. அந்தத் தாளை நீட்டியதும் பெரியண்ணன் அதைப் பார்க்கக்கூட இல்லை. "எங்கிருந்து வந்தது உனக்கு இந்தப் பெண்ணியம் எல்லாம்?" என்றார்.

பெண்ணியம்! நான் கேட்டது 7. பெண்ணியம் பேசியிருந்தால் அண்ணன்களுக்குச் சமமாக அல்லவா கேட்டிருப்பேன். இதில் என்ன விசேஷம் என்றால், மேலே சொன்ன அந்த 7ஆம் வசனத்தை எனக்கு முதலில் சொல்லிக் கொடுத்ததே அவர்தான். கூட்டங்களில் "இஸ்லாம் தந்த பெண்ணுரிமை" என்று பேசுகிறவர், நன்றாகவும் பேசுவார்.

அம்மா என் பக்கம் நிற்பார் என்று நினைத்தேன். "அண்ணன்களைப் பகைச்சுக்காதம்மா, நாளைக்கு உனக்கு ஒண்ணுன்னா யாரு வருவா" என்றார். அம்மாவைக் குறை சொல்ல மாட்டேன், அவருக்கு வர வேண்டிய 5ஐப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. இரண்டு வருடம் இழுத்து, பெரியவர்கள் உட்கார்ந்து பேசி, என் பங்கில் பாதிக்கும் குறைவாக ஒரு தொகை வந்தது. சரி என்று வாங்கிக்கொண்டேன்.

இப்போது "மகளுக்கு ஏன் பாதி மட்டும், அதுவே அநியாயம்தானே" என்று ஒருவர் வருவார், தெரியும். குடும்பத்தைக் காப்பாற்றும் செலவு முழுக்க ஆணின் கடமை, அதனால் அவனுக்கு இரண்டு பங்கு என்பது மார்க்க அறிஞர்கள் சொல்லும் விளக்கம், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் இன்று அம்மா இருப்பது என் வீட்டில், மருந்துச் செலவு என்னுடையது. 14 வாங்கியவர்களிடம் அந்தக் கடமையைக் கேட்டு வாங்க எந்த ஏற்பாடும் என் கண்ணுக்குப் படவில்லை. குலா, அதாவது மனைவி தானே கேட்டுப் பெறும் விவாகரத்து, அந்த விஷயமும் இப்படித்தான். நபித்தோழர் தாபித் இப்னு கைஸின் மனைவி, கணவர் மேல் குற்றம் எதுவும் இல்லை, சேர்ந்து வாழ முடியவில்லை என்று நபியவர்களிடமே சொன்னார், மஹராக வந்த தோட்டத்தைத் திருப்பிக் கொடுத்தார், முடிந்தது. இன்று அதே குலாவுக்கு வருடக்கணக்கில் அலையும் பெண்களை எனக்குத் தெரியும்.

அதற்காகப் பெண்ணியம் பேசுகிறவர்கள் எல்லாம் எனக்குத் துணை என்றும் நினைத்துவிடாதீர்கள். அலுவலகத்தில் ஒருத்தி, என் தலைத்துணியைப் பார்த்து "யாராவது கட்டாயப்படுத்துறாங்களா?" என்று வாரம் ஒருமுறை பரிதாபமாக விசாரிப்பாள். யாரும் இல்லை என்றால் நம்ப மாட்டாள். நான் இரண்டு மாதம் உட்கார்ந்து தயாரித்த அறிக்கையைத் தன் பெயரில் மேலே அனுப்பியதும் அவள்தான், கேட்டால் "டீம் வொர்க்" என்றாள். கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

மொராக்கோவைச் சேர்ந்த ஃபாத்திமா மெர்னிசி, அமெரிக்காவின் ஆமினா வதூத் போன்ற முஸ்லிம் பெண்கள் மார்க்க நூல்களைக் கையில் வைத்துக்கொண்டேதான் கேள்வி கேட்டார்கள். மொராக்கோவில் 2004இல் குடும்பச் சட்டத்தைத் திருத்தி, மனைவி கணவனுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்ற பிரிவை எடுத்தபோதும் மார்க்கத்தை ஆதாரமாகக் காட்டித்தான் எடுத்தார்கள். இவர்கள் சொல்வது அத்தனையும் எனக்கு உடன்பாடு என்று சொல்லவில்லை, என்னைத் திட்ட வராதீர்கள். கொடுக்கப்பட்டது கைக்கு வரவில்லையே என்று கேட்கும் பழக்கத்துக்கு என்ன பெயர் வைப்பது என்று எனக்குத் தெரியாது. என் அண்ணன்தான் பெண்ணியம் என்று பெயர் வைத்தார்.

உங்களுக்குச் சகோதரி இருந்தால், அவர் பங்கு அவர் கைக்குப் போய்விட்டதா என்று மட்டும் ஒரு தடவை விசாரியுங்கள்.

போன வாரம் பெரியண்ணன் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு வீடியோ போட்டிருந்தார், 1400 வருடத்துக்கு முன்பே பெண்ணுக்குச் சொத்துரிமை என்று. அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் பார்த்தேன். என்னம்மா அது என்று கேட்டார். அண்ணன் அனுப்பிய பயான் என்றேன். "நல்லா இருக்கானாமா?" என்றார்.